ஷஃபிள் அலாங்கா, போர்கி அண்ட் பெஸ்ஸா: எதில் தொடங்கலாம்?

நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் கறுப்பினத்தவர் பதித்த தடத்தை அறிய, இந்த இரண்டு இசை நாடகங்களில் எது முதலில் என்று குழம்புபவர்களுக்கு:

யார் எழுதியது? ஷஃபிள் அலாங் (1921): வசனம், பாட்டு, இசை எல்லாமே கறுப்பினக் கலைஞர்கள்.
போர்கி அண்ட் பெஸ் (சுருக்கமாக போர்கி, 1935): மேடையில் கறுப்பர்கள், பேனா வெள்ளையர் கையில்.

துணிச்சல்? முன்னதில் கறுப்பினக் காதலர்கள் கேலிக்கூத்தில்லாமல் டூயட் பாடினார்கள்; கூட்டம் கொந்தளிக்குமோ என்று படைத்தவர்களே பயந்தார்கள். ஆனால் நகைச்சுவை நடிகர்கள், தாங்களே கறுப்பினத்தவராக இருந்தும், அக்கால கேலி மரபுப்படி முகத்தில் கரி பூசித்தான் வந்தார்கள். இன்று பார்த்தால் உறுத்தும்.
பின்னதில் துணிச்சல் திரைக்குப் பின்னால்: 1936இல் வாஷிங்டன் நேஷனல் தியேட்டர் கறுப்பின ரசிகர்களை ஒதுக்கியதும், நாயகன் டாட் டங்கன் பாட மறுத்தார். நிர்வாகம் இறங்கி வந்தது.

கிடைக்குமா? போர்கி முழுப் பதிவாகவே. மற்றதில் உதிரிப் பாட்டுகள்.

காதுக்கு விருந்து வேண்டுமென்றால் போர்கி. கதவைத் திறந்தது யார் என்று தெரிய வேண்டுமென்றால், சிரமப்பட்டாவது ஷஃபிள் அலாங்.