ராவன்ஸ்பர்கர் 1000 துண்டு ஜிக்சா: ஒரு பழைய சார்ட்டரின் விமர்சனம்

ஜிக்சா என்றால் துண்டு துண்டாக வெட்டிய படத்தைச் சேர்த்து அடுக்கும் விளையாட்டு. பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது படத்தை அல்ல. ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் லேசாக வளைத்துப் பார்ப்பேன். அட்டை மடங்கி வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தப் பெட்டி பேத்திக்கு. விழாவிட்டால் எனக்கு. போன பொங்கலுக்கு மகன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த, ராவன்ஸ்பர்கர் என்ற அந்த ஊர்க் கம்பெனியின் பெட்டி எனக்கு என்று முதல் நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது. 1000 துண்டு, முடித்தால் 70க்கு 50 செ.மீ. ஜெர்மனியின் பவேரியாவில் இரண்டாம் லுட்விக் என்ற ராஜா 1869இல் கட்ட ஆரம்பித்த நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைதான் படம். சுற்றிலும் இலையுதிர்கால மரங்கள், மேலே வானம், வானம், வானம். முடிக்க 23 நாள் ஆயிற்று.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே மெயில் சர்வீசில், 1978இல் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றவன். நாற்பது வருஷம் சார்ட்டராகத் தபால் பிரித்த கை. எதிரே புறாக்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும், முகவரியைப் பார்த்த கண் அடுத்த கடிதத்துக்குப் போவதற்குள் கை இந்தக் கடிதத்தைப் போட்டிருக்கும். ஓய்வு பெற்ற அன்று, இனி இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் யோசித்தேன். ஜிக்சா சிறு வயதிலிருந்தே உண்டு என்றாலும், தினமும் உட்கார ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

சிறு வயது என்றால் கடையில் வாங்கியது அல்ல. அப்பா பள்ளி ஆசிரியர். 1956இல் மாநிலங்களைப் பிரித்து மாற்றி அமைத்தார்கள் அல்லவா, அதனால் பள்ளியிலிருந்த பழைய இந்திய வரைபடம் உபயோகமற்றுப் போயிற்று. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புப் பெட்டி அட்டையில் கஞ்சி தடவி ஒட்டி, மாநில எல்லை வழியாகவே பிளேடால் அறுத்துக் கொடுத்தார். அதை அடுக்கி அடுக்கியே வளர்ந்ததால், மூன்றாம் வகுப்பில் ஹைதராபாத் ஒரு தனி மாநிலம் என்று சொல்லி அடி வாங்கினேன். லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடம் செதுக்குபவர் 1760களிலேயே இதே வேலையைச் செய்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தேன். மரப்பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாட்டெல்லை வழியாக அறுத்து, பூகோளம் படிக்கும் பிள்ளைகளுக்கு விற்றாராம். அப்பாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வீணாய்ப் போகும் வரைபடத்தைப் பார்த்தால் வாத்தியார்களுக்கு ஒரே யோசனைதான் வரும் போலிருக்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். துண்டுகளை முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்த்தேன். மட்டமான பெட்டி என்றால் ஒரு கைப்பிடி அட்டைத் தூள் விழும். இதில் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது என்றோ, மேல்தாள் உரிந்தது என்றோ ஒன்றுகூட இல்லை. மேற்பரப்பு பளபளக்காமல், தடவினால் துணி நெசவு மாதிரி இருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் பிரிக்கும் வேலை. பின்கோடு ஆறு இலக்கத்தில் முதல் மூன்று எந்த சார்ட்டிங் மாவட்டம் என்று சொல்லும், கடைசி மூன்று எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். ஒரே மூச்சில் ஆறையும் பார்க்கக் கூடாது. ஜிக்சாவிலும் எனக்கு அதே கணக்குதான். முதல் சுற்றில் நிறம் மட்டும்: கல், மரம், வானம். மூன்று எவர்சில்வர் தாம்பாளம். இரண்டாம் சுற்றில், துண்டின் ஓரத்தில் நீட்டும் கொண்டை எத்தனை, உள்வாங்கும் குழி எத்தனை என்று வடிவம். ஓரத் துண்டுகள் மட்டும் தனியாக ஒரு டிபன் டப்பா மூடியில். ஓரம் 126 இருந்தாக வேண்டும். எனக்கு 125தான் வந்தது. மூன்று நாள் கழித்து, வீடு பெருக்க வரும் அம்மா முறத்தோடு வந்து, "ஐயா, இது உங்களுதா பாருங்க" என்று நீட்டினார். சோபாவுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அன்று அவருக்கு இரண்டாவது காபி.

இந்தப் பெட்டியை நான் உயர்வாகச் சொல்வதற்கு ஒரே காரணம்தான்: தப்பான துண்டு உட்காரவே உட்காராது. பொருந்தும் துண்டு விரலுக்கு அடியில் மெத்தென்று இறங்கி நின்றுவிடும். கம்பெனிக்காரர்கள் இதற்கு சாஃப்ட்கிளிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எப்படியோ, சங்கதி உண்மை. வானத்தில் எல்லாத் துண்டும் ஒரே நீலம், கண்ணை நம்ப முடியாது, விரலைத்தான் நம்ப வேண்டும். விரல் சொன்னது ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. முடித்த பிறகு கோட்டையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன், நாலைந்து வரிசை அப்படியே எழுந்து வந்தது.

இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியக் காரணம், அதற்கு முந்தைய மாதம் ஆன்லைனில் வாங்கிய 500 துண்டு பெட்டி. பெயர் வேண்டாம். மீன் சந்தைப் படம், பார்க்க வெகு அழகு. ஆனால் எந்தத் துண்டும் எந்தக் குழியிலும் உட்காரும். பாதி முடித்த பிறகுதான் கூடைக்காரியின் முழங்கை கூடைக்குள் இருப்பது தெரிந்தது. போகட்டும் என்று பிரித்து மறுபடி அடுக்கினால், கடைசியில் நட்ட நடுவில் ஒரு துண்டு இல்லை. பெட்டியில் 500 என்று போட்டிருந்தாலும், அகல நீள வரிசையை எண்ணிப் பார்த்தேன், 27க்கு 19, ஆக 513 இருக்க வேண்டும். 512தான் இருந்தது. போன் செய்தால், "உபயோகப்படுத்தாத நிலையில் இருந்தால் மாற்றித் தருவோம் சார்" என்றார் அந்தப் பெண். உபயோகப்படுத்தாமல் ஒரு துண்டு குறைவதை எப்படி அம்மா கண்டுபிடிப்பது என்று கேட்டேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எதிர் வீட்டு நண்பர் பெல் தொழிற்சாலையில் பிட்டராக, அதாவது இயந்திரப் பாகங்களைப் பொருத்துபவராக, இருந்தவர். இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல கத்தி மழுங்கிப் போச்சு சார், அட்டைய வெட்டல, கிழிச்சிருக்கு" என்றார் மீன் சந்தையைக் காட்டி. படம் ஒட்டிய அட்டையின் மேல், வளைத்து வைத்த எஃகுக் கத்திகளைப் பெரிய அழுத்தத்தில் இறக்கித்தான் துண்டு போடுகிறார்கள். அந்தக் கூர் போனால் எல்லாம் போயிற்று. ராவன்ஸ்பர்கர் துண்டைத் திருப்பித் தரவே அவருக்கு மனசில்லை. 1883இல் ஆரம்பித்த பழைய கம்பெனி, ஜிக்சாவில் இறங்கியது 1964இல் என்று சொன்னேன். "அப்ப சரி, கை பழகியிருக்கு" என்றார்.

வானத்தைப் பற்றி இன்னும் ஒன்று. போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்கு முன்னால் எனக்கு நீலம் எல்லாம் பழுப்பேறிய ஒரே நீலம். இப்போது வலது கண்ணால் பார்த்தால் தாம்பாளத்தில் ஆறு நீலம் இருக்கிறது, இடது கண்ணால் பார்த்தால் இரண்டுதான். கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு நான் துண்டு பொறுக்குவதைப் பார்த்து என் மனைவி, "ஏங்க, யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள். இடது கண்ணுக்கும் தேதி வாங்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: இங்கே ஆன்லைனில் 1000 துண்டு பெட்டி ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மகன் என்ன விலை கொடுத்தான் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். ஒரு மாதத்துக்குப் பொழுது போகிறது, அடுத்த ஆளுக்கும் கொடுக்கலாம், அதனால் எனக்கு நஷ்டக் கணக்காகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைக்காதீர்கள், மூன்றாவது நாள் வீட்டில் பேச்சு வரும். தச்சரிடம் சொல்லி மூன்றடிக்கு இரண்டரை அடியில் ஒரு பிளைவுட் பலகை வாங்கி, மேலே பழைய போர்வையை இழுத்து ஆணி அடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். முதல் தடவை வாங்குகிறவர்கள் கோட்டையை எடுக்க வேண்டாம். வானம் குறைவாகவும், கடை, ஜன்னல், எழுத்துப் பலகை என்று விவரம் நிறையவும் இருக்கும் படமாகப் பார்த்து 500இல் ஆரம்பியுங்கள்.

முடித்ததைப் பசை போட்டுச் சட்டம் போடச் சொன்னாள் மனைவி. எனக்கு அதில் இஷ்டமில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, கலைத்து, கல், மரம், வானம் என்று மூன்று பையில் கட்டி எதிர் வீட்டுக்குக் கொடுத்தேன். மூன்று பையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு வானத்திலிருந்து ஆரம்பித்திருப்பதாக நேற்று வந்து சொன்னார். பிட்டர் அல்லவா, சொன்னால் கேட்க மாட்டார்.