வாட்ஸ்அப் குழுவா, டெலிகிராம் சேனலா: நல்ல லிங்க்கை எங்கே போட்டு வைப்பது?

"அண்ணாச்சி, போன மழையப்ப அணை நீர்மட்டம் பாக்க ஒரு லிங்க் போட்டியளே, அது எங்க கெடக்கு?"

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மழை வலுத்தால் வரும் கேள்வி இது. போட்டவருக்கே அது அகப்படாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோதும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோதும், சரியான பக்கம் யார் கையில் உடனே இருந்தது என்பது பெரிய விஷயமாக இருந்தது. அதனால் ஒரு லிங்க்கை நாலு பேருக்கு அனுப்புவது பாதி வேலைதான். ஒரு வருடம் கழித்து அதைத் தேடி எடுக்க முடிய வேண்டும்.

கொண்டு சேர்ப்பதில் வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. பெரியவர்கள் போனிலும் அது இருக்கிறது, புதிதாக எதையும் ஏற்றச் சொல்ல வேண்டாம். சேமிப்பில்தான் ஓட்டை. குழுவின் பெயரைத் தொட்டு மீடியா பகுதிக்குள் போனால் லிங்க் எல்லாம் தனியாக வரிசையாக இருக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் அது உங்கள் போனில் இருக்கும் செய்திகளின் பட்டியல். பேக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் பட்டியலும் போயிற்று. ஆண்ட்ராய்டில் அந்த பேக்கப்பும் 2024 முதல் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் கணக்காகிறது, கல்யாண வீடியோக்களே அதை நிரப்பிவிடும். முக்கியமான செய்தியைக் குழுவின் உச்சியில் நிற்கும்படி 'பின்' (pin) செய்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். இன்னொன்று: குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சேரத் தயங்குவதற்கு இது நியாயமான காரணம்.

நடத்துபவர் மட்டும் பதிவு போட, மற்றவர்கள் படிக்கிற வாட்ஸ்அப் சேனலில் எண் தெரியாது. ஆனால் 2023இல் தொடங்கும்போதே பதிவுகள் சர்வரில் 30 நாள்தான் இருக்கும் என்று அறிவித்தார்கள். சேமித்து வைக்க அது தோதுப்படாது.

டெலிகிராம் சேனலில் எல்லாப் பதிவும் சர்வரில் இருக்கும். இன்று சேர்பவரும் முதல் பதிவு வரை மேலே தள்ளிப் பார்க்கலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பொதுச் சேனல் என்றால் செயலி இல்லாதவரும் பிரவுசரில் படிக்கலாம். கணினிச் செயலியில் சேனலின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து மொத்தத்தையும் பிரவுசரில் திறக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள். குறை, தேடலில் இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தை வைத்துத்தான் அது தேடும். 'அணைநீர்மட்டம்' என்று சேர்த்து எழுதினால் 'நீர்மட்டம்' என்று தேடுபவருக்குக் கிடைக்காது. பிரித்து எழுதுங்கள். 'திருநெல்வேலி', 'நெல்லை' இரண்டையும் போடுங்கள். வெறும் லிங்க்கை மட்டும் போடுவது எங்கேயுமே வீண். என்ன பக்கம், எதற்கு உதவும், பணம் கேட்குமா, இந்த மூன்றுக்கும் பதிலாக இரண்டு வரி வேண்டும்.

லிங்க்கோடு சேர்ந்து தெரியும் முன்னோட்டப் படத்திலும் வித்தியாசம் உண்டு. வாட்ஸ்அப்பில் அதை அனுப்புபவரின் போன்தான் தயாரிக்கிறது. பாபநாசம் மலைமேல் சிக்னல் மங்கும் இடத்தில் அவசரமாக அனுப்பினால் படம் இல்லாமல் மொட்டையாகப் போகும், பெறுபவர் மோசடி என்று நினைத்துத் தொடமாட்டார். படம் வரும்வரை இரண்டு நொடி பொறுங்கள். டெலிகிராமில் அதன் சர்வரே எடுத்துவிடும்.

தமிழ் முகவரிகள் தனித் தொல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் 'திருநெல்வேலி' பக்கத்தின் முகவரியை நகலெடுத்தால் அந்த ஒரு சொல் மட்டும் 108 குறிகளாக நீளும். எழுத்தையும் அதன் துணைக்குறியையும் கணினி தனித்தனிக் குறியீட்டுப் புள்ளியாக எண்ணும், அப்படி அதில் 12. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. பார்ப்பவருக்கு வைரஸ் மாதிரி தெரியும், நகலெடுக்கையில் வால் அறுந்தும் போகும். அந்தப் பக்கத்தின் கருவிப் பட்டியலிலேயே குறுஞ்சுட்டி எடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முகவரியைச் சுருக்கித் தரும் கண்ட சேவைகளை நம்பாதீர்கள். சேவை நின்றால் லிங்க்கும் செத்துவிடும்.

தனி ஆளுக்கு என்றால் லிங்க் சேமிக்கும் சேவையான ரெயின்டிராப் நல்லது. இலவசமாகவே எத்தனை லிங்க்கும் வைக்கலாம், தொகுப்பைப் பொதுவில் பகிரலாம். ஆனாலும் 2025 ஜூலை 8இல் இதே மாதிரி சேவையான பாக்கெட் மூடப்பட்டதை மறக்க வேண்டாம். ஏற்றுமதி செய்யும் வசதி இல்லாத சேவையில் எதையும் சேர்க்காதீர்கள்.

எந்த இடத்தில் போட்டாலும், அழிந்துபோகக்கூடிய பக்கத்தை முதலில் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் (Internet Archive) வேபேக் மெஷினில் கொடுத்து ஒரு நகல் எடுத்து, இரண்டு முகவரியையும் சேர்த்துப் போடுங்கள். அணை நீர்மட்டம் மாதிரி தினமும் மாறும் பக்கத்துக்கு அந்த நகல் அன்றைய கணக்கைத்தான் காட்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஊர்க் குழுவுக்கு என் தேர்வு இரண்டும் சேர்ந்தது: லிங்க் எல்லாம் டெலிகிராம் சேனலில் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு மட்டும் போகட்டும். சேனல் முகவரியைப் பின் செய்யாமல் குழு விவரத்தில் எழுதி வையுங்கள். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தாலும் கேட்டவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்.