வாலா, கேள்வியா, கோடா: ஆங்கில வினையடையைக் கற்பிக்க எது நல்ல வழி?

டெல்டா மாவட்டங்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில அட்வெர்ப்பை, அதாவது வினையடையை, சொல்லிக்கொடுக்க மூன்று வழிகளைப் பார்க்கிறேன். சொல்லின் கடைசியில் ‘லி’ என்ற வால் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வினைச்சொல்லிடம் எப்படி, எப்போது, எங்கே என்று கேள்வி கேட்பது இன்னொன்று. அந்தச் சொல் வாக்கியத்தில் எதைத் தழுவி நிற்கிறது, அதாவது எதற்கு விளக்கம் சேர்க்கிறது என்று கண்டுபிடித்து, அதை நோக்கி ஒரு கோடு போடுவது மூன்றாவது. கும்பகோணத்தில் மாலை வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் அதற்கும் எட்டாத இடங்கள் உண்டு.

‘லி’ வழி ஏன் இவ்வளவு பரவியது என்பது புரிகிறது. ‘ஸ்லோ’ பெயரடை (அட்ஜெக்டிவ்), ‘ஸ்லோலி’ வினையடை. ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அது காலை வாரிவிடும். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’ எல்லாம் ‘லி’யில் முடிந்தும் பெயரடைகள். ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’ ஆகியவற்றுக்கு வாலே இல்லை. ஆனால் வினையடையாக வருகின்றன. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு ‘லீச்’ என்றும் வினையடைக்கு ‘லீச்செ’ என்றும் தனித்தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் தேய்ந்து இரண்டும் ‘லி’ ஆகிவிட்டன. வேறு சில சொற்களில் பெயரடையோடு ஒரு ‘எ’ ஒலியை மட்டும் சேர்த்தால் வினையடை கிடைத்தது. அந்த ஒலியும் மறைந்துபோக, ‘ஹார்ட்’ இரண்டு வேலைக்கும் ஒரே உருவத்தில் நின்றுவிட்டது.

எழுத்துப்பிழையோடு நின்றால்கூடப் பரவாயில்லை, பொருளே தலைகீழாகிவிடுகிறது. ‘ஹி வொர்க்ட் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைத்தார். ‘லி’ இல்லையே என்று மாணவன் ‘ஹி ஹார்ட்லி வொர்க்ட்’ என்று எழுதினால், பகலெல்லாம் சேற்றில் நின்று நடவு பார்த்தவர் வேலையே செய்யாதவர் ஆகிவிடுவார். ‘லேட்’ என்ற சொல்லும் இப்படித்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. ‘த வாட்டர் கேம் லேட்’ என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக என்று பொருள். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். ‘த வாட்டர் கேம் எர்லி’ என்கிறபோது ‘எர்லி’ வினையடை. ‘ஆன் எர்லி ரிலீஸ்’ என்கிறபோது அதுவே பெயரடை. இரண்டிலும் வால் ஒன்றுதான். அது நமக்கு எதையும் சொல்வதில்லை.

கேள்வி வழி இதைவிட எவ்வளவோ மேல். எப்படி வந்தது, எப்போது வந்தது, எங்கே வந்தது என்று தமிழில் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அது இயல்பாகக் கைவருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நானும் இதில்தான் தொடங்குவேன்.

ஆனால் தமிழ்ப் பிள்ளையைச் சிக்க வைக்கும் ஒரு கண்ணி இதில் இருக்கிறது. ‘வாய்க்கால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது.’ எப்படி இருக்கிறது? குளிர்ச்சியாக. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ‘ஆக’வும் வந்துவிட்டது, அப்படியானால் வினையடைதான் என்று முடிவுகட்டி ‘த வாட்டர் இஸ் கோல்ட்லி’ என்று எழுதிவிடுகிறது பிள்ளை. அதன் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. தமிழில் ‘இரு’ என்ற வினையோடு ‘ஆக’ சேர்வது முறை. ஆங்கிலமோ அந்த இடத்தில் தண்ணீரின் தன்மையைத்தான் சொல்கிறது. ஆகவே ‘கோல்ட்’ என்ற பெயரடை போதும். ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ ஆகியவற்றிலும் இதே சிக்கல் வரும். டிகிரி காபியின் மணத்தைச் சொல்ல ‘த காஃபி ஸ்மெல்ஸ் குட்’ என்பதே சரி. ‘ஷி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவள் கோபமாகத் தெரிந்தாள். ‘ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்’ என்றால் அவனைக் கோபமாகப் பார்த்தாள். தமிழில் இரண்டுக்கும் ‘கோபமாக’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறோம். எப்படி என்ற கேள்வியை மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

கோடு போடுகிறவனுக்குப் படும். முதல் வாக்கியத்தில் ‘ஆங்ரி’யிலிருந்து போகும் கோடு ‘ஷி’யில் போய் முட்டுகிறது, இரண்டாவதில் ‘லுக்ட்’டில் முட்டுகிறது. கரும்பலகையில் நான் எழுதிக்காட்டும் வாக்கியம் ஒன்று: ‘த வெரி ஓல்ட் பம்ப் ரன்ஸ் சர்ப்ரைசிங்லி வெல்.’ மிகப் பழைய பம்ப்செட் வியக்கும்படி நன்றாக ஓடுகிறது. ‘வெரி’யின் கோடு ‘ஓல்ட்’ என்ற பெயரடைக்குப் போகிறது. ‘சர்ப்ரைசிங்லி’யின் கோடு ‘வெல்’ என்ற இன்னொரு வினையடைக்குப் போகிறது. ‘வெல்’லின் கோடு ‘ரன்ஸ்’ என்ற வினைக்குப் போகிறது. வினையடை என்ற பெயரைக் கேட்டு அது வினையை மட்டுமே தழுவும் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, மூன்று கோடும் மூன்று வகைச் சொல்லில் போய் நிற்பது கண்ணெதிரே தெரிகிறது. ‘ஐ வெரி லைக் இட்’ ஏன் தவறு என்பதும் இங்கேயே விளங்கிவிடும். ‘வெரி’யின் கோடு வினைக்குப் போகாது, ‘மச்’ என்ற துணையைப் பிடித்துக்கொண்டு ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்றுதான் வர வேண்டும்.

‘ஒன்லி’ என்ற சொல்லில்தான் இந்த வழியின் அருமை தெரியும். தமிழில் ‘மட்டும்’ தனக்குரிய சொல்லின் பின்னாலேயே நிற்கும்: கடைமடைக்கு மட்டும், ஜூலையில் மட்டும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வாக்கியமெங்கும் உலாவும். வரப்பை எங்கே வெட்டுகிறோமோ அந்த வயலுக்குத்தான் தண்ணீர் பாயும் என்பது போல, அதை வைக்கும் இடம் பொருளைத் தீர்மானிக்கிறது. ‘ஒன்லி த டெயில்-எண்ட் ஃபார்மர்ஸ் காட் வாட்டர் இன் ஜூலை’ என்றால் கடைமடைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்தது. ‘காட் வாட்டர் ஒன்லி இன் ஜூலை’ என்றால் அவர்களுக்கு ஜூலையில்தான் கிடைத்தது. முதலாவது அவர்களைக் கொடுத்துவைத்தவர்களாகக் காட்டுகிறது; இரண்டாவது, தண்ணீர் தாமதமானதால் குறுவைப் பயிரை இழந்தவர்களின் மனு. பேச்சில் குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும் என்பதால் ஆங்கிலேயர்களும் ‘ஒன்லி’யைப் பெரும்பாலும் வினைக்கு முன்னால் போட்டுவிடுகிறார்கள். மனுவிலும் தேர்விலும் குரல் இல்லை. ஆகவே எந்தச் சொல்லைத் தழுவுகிறதோ அதன் அருகிலேயே வைக்கச் சொல்கிறேன்.

கோட்டுக்கு எட்டாதவை இரண்டு. ‘ஷி டிட் நாட் ஸ்பீக் க்ளியர்லி’ என்பதில் கோடு வினைக்குப் போகிறது: அவள் தெளிவாகப் பேசவில்லை. ‘க்ளியர்லி, ஷி டிட் நாட் ஸ்பீக்’ என்றால் அவள் பேசவில்லை என்பது தெளிவு. இங்கே கோடு எந்த ஒரு சொல்லுக்கும் போகாது. வாக்கியம் முழுவதையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து, அந்தக் கட்டத்துக்குத்தான் கோடு போட வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இது பிடிபட்டுவிடும்.

மற்றது இடம். ‘நாற்றைக் கவனமாக நட்டார்கள்’ என்று தமிழில் வினையடை பெரும்பாலும் வினையை ஒட்டியே நிற்கும். அந்தப் பழக்கத்தில் ‘தே பிளாண்டட் கேர்ஃபுலி த சீட்லிங்ஸ்’ என்று எழுதும் பிள்ளை கோட்டைச் சரியாகவே போட்டிருக்கும்; வாக்கியம்தான் சரியில்லை. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை புகுவதை ஆங்கிலம் பொதுவாக ஏற்பதில்லை. ‘கேர்ஃபுலி’ கடைசிக்கோ வினைக்கு முன்னாலோ போக வேண்டும். ‘யூஷுவலி’ போன்றவை முதன்மை வினைக்கு முன்பும், தனியாக வரும் ‘இஸ்’, ‘வாஸ்’ ஆகியவற்றுக்குப் பின்பும் வரும். இதற்குத் தனிப் பயிற்சிதான் வழி. வாக்கியத்தின் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பிள்ளைகளையே மாற்றி மாற்றி அடுக்கவிடுகிறேன்.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு இவ்வளவும் சொல்ல நேரம் இருக்காது. அவர்களுக்கு ‘ஹார்ட், ஹார்ட்லி’, ‘லேட், லேட்லி’, ‘நியர், நியர்லி’ என்ற மூன்று இணைகளையும், ‘ஃப்ரெண்ட்லி’ வகைப் பெயரடைகளையும் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறேன்.