தொடுதிரை மேசையில் தாளும் கோப்பும்: இரண்டு ஆண்டு அனுபவம்

நான் மெய்ப்புத் திருத்துபவன். அச்செடுத்த தாள்களும் அவற்றின் பிடிஎஃப் கோப்புகளும் ஒரே இடத்தில் வேண்டும் என்பதற்காக 40 அங்குலத் தொடுதிரை மேசைக்கு மாறினேன். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஓர் அட்டை உறை. அதன் அடியில் புள்ளிகளாலான ஒரு குறியை ஒட்டியிருக்கிறேன். உறையை வைத்ததும் கண்ணாடிக்குக் கீழிருக்கும் அகச்சிவப்பு உணரிகள் குறியைப் படிக்கின்றன. அந்த அத்தியாயத்தின் கோப்புகள் உறையைச் சுற்றி விரிகின்றன. உறை நகர்ந்தால் அவையும் நகர்கின்றன. கோப்பின் பெயரை நினைவில் வைத்துத் தேடும் வேலையே இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இந்த மேசையை விடமாட்டேன்.

ஆனால் தாள் திரையை மறைத்துவிடும். ஒருமுறை புதிய மெய்ப்பு ஒரு தாளுக்கு அடியில் கிடந்தது தெரியாமல், பழையதையே நாள் முழுக்கத் திருத்தினேன். அந்த எட்டுப் பக்கங்களையும் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மேசையின் வலது மூன்றில் ஒரு பங்கில் தாளே வைப்பதில்லை.

உறைமேல் உறை அடுக்கினால் இன்னும் சிக்கல். அடுக்கில் ஆக அடியில் உள்ள உறையின் குறி மட்டுமே மேசைக்குத் தெரியும். 1991-இல் கேம்பிரிட்ஜின் ஜெராக்ஸ் யூரோபார்க் ஆய்வகத்தில் பியர் வெல்னர் உருவாக்கிய டிஜிட்டல்டெஸ்க், சாதாரண மேசைக்கு மேலே கேமராவையும் ஒளிவீழ்த்தியையும் பொருத்தியது. அடுக்கின் உச்சியில் உள்ள தாள் அதன் கேமராவுக்குத் தெரியும், அடித்தாள் தெரியாது. கீழிருந்து பார்த்தாலும் மேலிருந்து பார்த்தாலும் நடுவில் இருப்பது அகப்படாது. ஆகவே நான் அடுக்குவதை விட்டுவிட்டு, சீட்டுக்கட்டை விரிப்பதுபோல உறைகளைச் சரித்து வைக்கிறேன். எல்லாக் குறிகளும் கண்ணாடியைத் தொட வேண்டும், அவ்வளவுதான். குறியை உறையின் நடுவில் ஒட்டாமல் இடது மூலையில் ஒட்டியது இதற்காகத்தான்.

மேசையை ஜன்னலோரம் போடாதீர்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. நண்பகலில் தொடாத இடமெல்லாம் தொட்டதாகக் காட்டும்.

கடைசியாக ஓர் அமைப்பு. உறையை எடுத்தவுடன் கோப்புகள் மூடிக்கொள்வதுதான் தொடக்க நிலை. எனக்கு அது ஒத்துவரவில்லை. பொடி எழுத்து அடிக்குறிப்புகளைப் படிக்க நான் தாளை உறையோடு கண்ணருகே தூக்குகிறேன். ஒப்பிடவேண்டிய கோப்பு அந்த நொடியில்தான் மறைந்துபோகும். இப்போது, உறையை எடுத்த பிறகும் பத்து நிமிடம் கோப்புகள் அங்கேயே நிற்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.