கரண்ட் வைத்த இடம் மறுபடி சிவந்தால்: சென்னை வருகிறவர்களுக்கு

லண்டனில் புற்றுநோய்க்காக மார்புச் சுவருக்கு இரண்டு தடவை கதிர்வீச்சு (கரண்ட்) முடித்து, இப்போது கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரையில் இருப்பவர்கள் ஊருக்கு வருமுன் இதைப் படித்துவிடுங்கள். 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்ற சுற்றில், மாத்திரை தொடங்கிச் சில நாளிலேயே பழைய இடம் திடீரெனச் சிவந்து எரியலாம். கதிர்வீச்சு முடிந்து மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும் இது வரும். பெயர் ரேடியேஷன் ரீகால். முதலில் 1959இல் ஆக்டினோமைசின் மருந்தோடு பதிவானது. டாக்ஸோரூபிசின், டோசிடாக்செல், ஜெம்சிட்டபின் ஆகிய கீமோ மருந்துகளாலும் வருகிறது.

வீட்டில் பார்த்தவுடனே "அக்கி" என்பார்கள். செங்காவி எழுதக் கூட்டிப்போவார்கள். வேண்டாம். அக்கி நரம்பு ஓடும் வழியில் பட்டையாகப் படரும். இதன் ஓரமோ ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக இருக்கும். கதிர்வீச்சின்போது குத்திய பச்சைப் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும். இரண்டு கதிர்வீச்சின் பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் தோல் ஏற்கெனவே மெலிந்து, மயிரிழை ரத்தக்குழாய்கள் தெரிய இருக்கும். கொப்புளம் வருகிறதா என்று அங்கே தினமும் பாருங்கள்.

சென்னையில் ரத்தப் பரிசோதனை முடிவு அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது. சிக்கல் மருந்துக்கடையில்தான். சீட்டு கேட்காமலே ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நியோமைசின் மூன்றும் கலந்த கிரீமை நீட்டுகிறார்கள். ஸ்டீராய்டு இதற்கு உரிய மருந்துதான், ஆனால் கிருமித்தொற்று இல்லை என்று டாக்டர் பார்த்த பிறகு. நியோமைசின் சிலருக்குத் தனியாக ஒவ்வாமை கிளப்பும். பிறகு எது எதனால் வந்தது என்றே பிரிக்க முடியாது. மஞ்சளும் பூச வேண்டாம், சிவப்பின் ஓரம் மறைந்துவிடும்.

அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன் மருத்துவமனை தந்த கீமோ அட்டையிலுள்ள 24 மணி நேர எண்ணுக்குப் பேசுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போனோடு நிறுத்தாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். அளவைக் குறைத்தோ ஸ்டீராய்டு துணையோடோ அதே மருந்தைத் திரும்பத் தொடங்கவும் பலருக்கு முடிகிறது. அந்த முடிவு உங்கள் புற்றுநோய் டாக்டருடையது. ஆறாமல் தடித்துக்கொண்டே போனால் நோய் தோலில் திரும்பியிருக்கிறதா என்று பயாப்ஸி கேட்பார்கள்.

"இடது மார்புச் சுவர்" என்று ஒரே வரி எழுதிய டிஸ்சார்ஜ் கடிதம் இங்குள்ள டாக்டருக்குப் போதாது. இரண்டு கதிர்வீச்சுக்கும் தனித்தனியாகத் தேதி, அளவு (40 கிரே, 15 தவணை என்பதுபோல்), பரப்பின் படம் எல்லாம் வேண்டும். டைகாம் கோப்புகளை (ஸ்கேன், கதிர்வீச்சுப் படங்களின் கணினிக் கோப்புகள்) கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் அல்ல. சிவப்பு தெரிந்த அன்றே அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.