சுஷிக் கடைக் கவுண்டர்: பூச்சில்லாத ஹினோக்கியா, கருப்பு கிரானைட்டா?

டோக்கியோவில் எட்டு இருக்கை கொண்ட ஒரு சுஷிக் கடைக்கு உள்ளலங்காரம் செய்து மூன்று வருடம் ஆகிறது. மொத்த இடம் பத்து த்சுபோ, அதாவது ஏறக்குறைய 33 சதுர மீட்டர். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, வாசலில் தொங்கும் நோரென் திரைத்துணி என்று மற்றதெல்லாம் கடைக்காரரோடு அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டோம். இரண்டு மாதம் இழுத்தது கவுண்டர் ஒன்றுதான். பூச்சே இல்லாத ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரமா, மெருகேற்றிய கருப்பு கிரானைட்டா?

நான் மரத்தின் பக்கம். அன்றும் அப்படித்தான், இன்று இன்னும் உறுதியாக.

இந்தக் கேள்வி முன்பு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. பழைய கடைகளில் கவுண்டர் மேலேயே மீன் வைக்கும் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி நீளமாக உட்கார்ந்திருக்கும், பலகை பாதி மறைந்துவிடும். இப்போது புதிதாகத் திறக்கும் கடைகள் பல அதை எடுத்துவிட்டு, மீனை மூடிபோட்ட மரப்பெட்டியிலோ கீழே குளிர் இழுப்பறையிலோ வைக்கின்றன. அப்புறம் வாடிக்கையாளர் கண்ணுக்கும் சமையல்காரர் கைக்கும் நடுவில் மிச்சம் இருப்பது அந்தப் பலகை மட்டும்தான்.

கல்லின் நல்ல குணங்களை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஊறாது, சோயா சாஸ் கறை பிடிக்காது, ஒரு துடைப்பில் சுத்தம். பளிங்கை வினிகர் அரித்துவிடும், கிரானைட்டுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் ஜனவரி மாதம் அதன்மேல் முழங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று ஏறும். சாக்கே (அரிசி மது) கோப்பையை மெதுவாக வைத்தாலும் 'டக்' என்று கேட்கும். மெருகேற்றிய கருப்பு கண்ணாடி மாதிரி மேலே இருக்கும் விளக்கைத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஹினோக்கி அதே வெளிச்சத்தை மென்மையாக்கித் தரும், சூரை மீனின் சிவப்பு அதில் தனியாக எழுந்து நிற்கும்.

இதெல்லாம் ரசனை என்று ஒதுக்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 'பராமரிப்பு என்றால் கல்தானே ஜெயிக்கும்' என்று கடைக்காரரும் முதலில் சொன்னார். தினசரி வேலையை மட்டும் பார்த்தால் அது சரிதான். பூச்சில்லாத ஹினோக்கிக்கு நாள் தவறாத உழைப்பு வேண்டும். கடை திறக்குமுன் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் முழுப் பலகையையும் இழை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். லேசாக ஈரம் குடித்த மரம் சோயா சாஸை அவ்வளவு ஆழமாக இழுக்காது, வெட்டுப்பலகையை முதலில் நனைத்துக்கொள்வது போலத்தான். கோடையில் வியர்க்கும் பீர் கிளாஸ் வட்டம் போடும், அடியில் ஏதாவது வைத்தே ஆக வேண்டும். ஈர இரும்புச் சாமான் ஏதாவது ராத்திரி முழுக்க இருந்தால் காலையில் கருப்புத் தடம்.

ஆனால் அடிபட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஹினோக்கி மென்மையான மரம், கிண்ணம் விழுந்தாலே பள்ளம் விழும். அந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியைச் சில விநாடி வைத்தால், நார் அறுபடாத பள்ளம் என்றால் ஆவியில் உப்பி மேலே வந்துவிடுகிறது. நாங்கள் செய்த இன்னொரு கடையில் கருங்கல் விளிம்பில் கனமான பீங்கான் குடுவை பட்டு நகக்கண் அளவு சில்லு பெயர்ந்தது. பிசின் வைத்து அடைத்தோம். மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தால் விளக்கு வெளிச்சத்தில் இன்றும் அது தெரிகிறது.

போன டிசம்பர் கடைசியில் ஹினோக்கிப் பலகையை இழைத்தோம். தச்சர் கடைக்கே வந்தார். நம் ஆசாரிகள் இழைப்புளியை முன்னே தள்ளுவார்கள், இங்கே தன் பக்கம் இழுப்பார்கள். அவர் பின்னால் நடந்தபடி ஒரே இழுப்பாக இழுக்க, ஈரவெங்காயத் தோல் மாதிரி சுருள் நீளமாக வந்து விழுந்தது. தேன் நிறமாகிப்போன பலகை மதியத்துக்குள் மறுபடி வெள்ளை. ஈசே ஆலயத்தை 20 வருடத்துக்கு ஒருமுறை புது ஹினோக்கியால் திரும்பக் கட்டுகிற நாடு இது, கடைசியாக 2013-இல் கட்டினார்கள். புது மரத்தின் வெண்மைக்கு இங்கே இருக்கும் மதிப்பைக் கடைக்காரர் முகத்தில் பார்த்தேன்.

குறையும் உண்டு. இழைத்ததும் வாசனை பலமாகத் திரும்பி வருகிறது, வெள்ளை மீனின் மெல்லிய மணத்தை அது அமுக்கிவிடும். அதனால்தான் புத்தாண்டு விடுமுறையைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் கதவைத் திறந்து காற்றாட விட்டோம்.

நடுவழியாக ஹினோக்கி மேல் யுரேதேன் (பிளாஸ்டிக் படலமாக இறுகும் வார்னிஷ்) பூசலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கை படும் விளிம்பில் பூச்சு தேய்ந்து திட்டுத்திட்டாகத் தெரியும்போது அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய வழியில்லை, முழுக்கச் சுரண்ட வேண்டும். மரத்துக்குள் ஊறும் கண்ணாடிப் பூச்சு இதைவிடத் தேவலாம் போலிருக்கிறது. ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு கடை, அதுவும் ஒரு வருடம், அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

முப்பது நாற்பது இருக்கை, மாறிக்கொண்டே இருக்கும் பகுதிநேர ஆட்கள் என்றால் கல்லையே போடுங்கள், மரத்தை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலாளியே துடைக்கும் சின்னக் கடைக்குத்தான் ஹினோக்கி. அப்படி வாங்கினால் தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்களுடையது 75 மில்லிமீட்டர், ஒரு இழைப்புக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை. அடியில் கட்டும்போது திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளையாக வெட்டச் சொல்லுங்கள், ஜூன் மழையில் உப்பி ஜனவரி வறட்சியில் சுருங்கும் பலகைக்கு நகர இடம் வேண்டும்.