கால் தமனி அடைப்புக்கு மாத்திரையும் நடைப்பயிற்சியும்: திருச்சியில் 12 வாரம்

கடைவீதிக்குப் போகும் வழியில் அப்பா மூன்று இடங்களில் நின்று, கெண்டைக்கால் வலி அடங்கிய பிறகே மேலே நடப்பார். மூட்டுத் தேய்மானம் என்றே எண்ணியிருந்தோம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டபோது விகிதம் 0.68 என வந்தது, 0.90க்குக் கீழே இருந்தாலே கால் தமனியில் அடைப்பு என்று கொள்வார்கள். வலியின்றி நடக்கும் தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளோடு, அங்குள்ள பிசியோதெரபி பிரிவில் வாரம் 3 நாள் வீதம் 12 வாரப் பயிற்சியையும் எழுதிக் கொடுத்தார்கள்.

பயிற்சி அருமையாக நடந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்து, நீரிழிவு இருப்பதால் பாதங்களில் புண் உண்டா என்று ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே டிரெட்மில்லில் ஏற்றினார்கள். வலி ஓரளவு கடுமையாகும் வரை நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து வலி முழுவதும் போனபின் மறுபடி நடப்பதே முறை. வலித்தால் நின்றுவிட வேண்டும் என்று பழகிய அப்பாவுக்கு, அந்த வலியை நோக்கியே நடக்கச் சொன்னது முதல் வாரம் அச்சமூட்டியது. பக்கத்திலேயே நின்ற பயிற்சியாளரின் பொறுமைதான் அவரைத் தொடர வைத்தது. நிற்காமல் சுமார் 150 மீட்டர் நடந்தவர் இப்போது 450 மீட்டர் நடக்கிறார். விகிதமோ 0.70தான். அடைப்பு கரைவதில்லை, வருகிற இரத்தத்தைத் தசை முன்பைவிட நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது என்று பயிற்சியாளர் விளக்கியது எங்களுக்குப் பெரிய தெளிவைத் தந்தது.

மாத்திரை விஷயத்தில் அந்த அக்கறை இல்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குச் சிலோஸ்டசால் கூடாது என்பதால் முன்னதாகவே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தது சரியான செயல். ஆனால் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ விழுங்க வேண்டிய அதை, மருந்தக உறையில் ‘சாப்பிட்ட பின்’ என்று குறித்திருந்தார்கள். கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால் அம்மருந்து இரத்தத்தில் வெகுவாகக் கூடும். தலைவலியும் படபடப்பும் வந்து, அப்பா நான்கு நாள் தாமாகவே அதை நிறுத்திவிட்டார். பயிற்சிப் பிரிவில் ஒருவரும் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை; நாங்களே மருத்துவரிடம் போனபின், 50 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 100க்கு உயர்த்தினார். மாத்திரை, பயிற்சி இரண்டையும் ஒரே சிகிச்சையாக எழுதிக் கொடுப்பவர்கள், இரண்டையும் ஒருவரே கண்காணிக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

அமர்வுக்கு 400 ரூபாய் வாங்கினார்கள்; அது தகும். படுத்திருக்கும்போதே கால் வலிப்பவர்களும் பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்களும் இந்தப் பயிற்சிக்குக் காத்திராமல், உடனே இரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள்.